நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்கள் பேசும் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிட்லர் ஆட்சியின் முகாம்களிலிருந்து உயிரோடு வந்தவர்கள் கேமரா முன் உட்கார்ந்து பேசிய பதிவுகள் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன. எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது, எவ்வளவு நம்புவது என்று புதிதாகப் பார்க்க வருபவர்கள் குழம்புவது இயல்பு. அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் இங்கே.

புகைப்படம், ஆவணம் எல்லாம்தான் ஏராளமாக இருக்கிறதே. பிழைத்தவர்கள் பேசி வேறு கேட்க வேண்டுமா?

வேண்டும். நாம் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சிகளை நினைத்துப் பாருங்கள்: குவிந்து கிடக்கும் பிணங்கள், அவற்றைக் குழிக்குள் தள்ளும் புல்டோசர், எலும்பும் தோலுமாக நிற்பவர்கள். இவற்றில் பெரும்பாலானவை 1945 ஏப்ரலை ஒட்டி, நேச நாட்டுப் படைகள் பெர்கன்-பெல்சன், பூகன்வால்ட், டாகாவ் போன்ற முகாம்களுக்குள் நுழைந்தபோது எடுத்தவை. பெல்சனுக்குள் பிரிட்டிஷ் படை போனபோது சுமார் 60,000 பேர் உயிரோடு இருந்தார்கள். புதைக்கப்படாத பிணங்கள் 13,000 அளவுக்குக் கிடந்தன. ஆனால் பெல்சனில் விஷவாயு அறை கிடையாது. அங்கே கொன்றது பசியும் டைபஸ் காய்ச்சலும்.

ரயிலில் வந்து இறங்கியவர்களை அன்றைக்கே கொல்வதற்கென்று கட்டிய ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்செக் மூன்றும் 1945இல் இருந்த இடம் தெரியாது. 1943 முடிவதற்குள் நாஜிகளே அவற்றை இடித்துவிட்டார்கள். புதைத்த உடல்களைத் தோண்டி எடுத்து எரித்து, நிலத்தை உழுதார்கள். ட்ரெப்ளிங்காவில் ஒரு பண்ணை வீட்டையும் கட்டி ஆள் வைத்தார்கள். அங்கே கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 9 லட்சம் பேர். தப்பி ஓடி, போர் முடியும்வரை உயிரோடு இருந்தவர்கள் எழுபது பேர் இருந்தால் அதிகம். படைகளின் கேமரா போய்ச் சேர்ந்தபோது படம் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. அந்த எழுபது பேர் சொன்னால்தான் உண்டு.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

முதன்முதலில் இவர்களைப் பேச வைத்துப் படம் எடுத்தது யார்?

பெல்சனுக்குள் போன பிரிட்டிஷ் படப்பிடிப்புக் குழு என்று சொல்லலாம். ராணுவத்தின் கேமராக்காரர்களிடம் ஒலிப்பதிவுக் கருவி இல்லை. செய்திப்பட நிறுவனத்தின் ஒலிக்கேமரா ஒன்று வந்த பிறகுதான் குரலும் பதிவானது. முகாமில் கைதியாக இருந்துகொண்டே நோயாளிகளைக் கவனித்த டாக்டர் ஹதாசா பிம்கோ, அந்த 1945 ஏப்ரலிலேயே கேமராவைப் பார்த்துப் பேசினார். பின்னால் பிணக்குழி.

இந்தக் காட்சிகளை வைத்து, நேச நாட்டுப் படைகளின் திரைப்படப் பிரிவுத் தலைவர் சிட்னி பெர்ன்ஸ்டைன் ஒரு முழுநீளப் படம் தயாரிக்க முனைந்தார். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ஆலோசகர். வெட்டாமல் நீளமாக ஓடும் ஷாட்களை வையுங்கள், இல்லாவிட்டால் ஒட்டுவேலை என்பார்கள் என்பது அவர் தந்த யோசனைகளில் ஒன்று. போர் முடிந்ததும் அரசியல் கணக்குகள் மாறிவிட்டன. ஜெர்மானியர்களை மேலும் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட நாட்டைத் தூக்கி நிறுத்துவது முக்கியம் என்று ஆனதும் படம் பெட்டிக்குள் போனது. லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அதை முடித்து வெளியிட்டபோது 2014.

அப்புறம் ஏன் முப்பது வருஷம் இவர்கள் வாயைத் திறக்கவில்லை?

திறந்தார்கள், கேட்கத்தான் ஆள் குறைவு. டேவிட் போடர் என்ற உளவியல் பேராசிரியர் 1946இலேயே அமெரிக்காவிலிருந்து கம்பியில் ஒலி பதியும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பாவின் அகதி முகாம்களுக்குப் போய், நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்தார். உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

திருப்பம் 1961இல் ஜெருசலேமில் நடந்த ஐக்மன் விசாரணை. யூதர்களை ரயிலேற்றும் வேலையை ஒருங்கிணைத்த அதிகாரி அடால்ஃப் ஐக்மன். நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் கூண்டேறினார்கள். மறைத்து வைத்த கேமராக்களால் முழு விசாரணையும் வீடியோ டேப்பில் பதிவானது. வேடிக்கை என்னவென்றால், அப்போது இஸ்ரேலில் தொலைக்காட்சியே கிடையாது. டேப்புகள் விமானத்தில் வெளிநாடுகளுக்குப் போயின.

நீதிமன்றம் இல்லாமல், வழக்கு இல்லாமல், ‘உங்கள் கதையைச் சொல்லுங்கள்’ என்று உட்காரவைத்தது 1979இல், அமெரிக்காவின் நியூ ஹேவனில். 1978இல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் யூத இன அழிப்பை நாடகமாகக் காட்டியது. கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். ‘நாங்கள் பட்டது இப்படியா இருந்தது?’ என்று ஊரில் இருந்த உண்மையான சாட்சிகளுக்கு மனம் வெதும்பியது. லாரல் வ்லாக் என்ற தொலைக்காட்சிப் பத்திரிகையாளரும் டோரி லாப் என்ற மனநல மருத்துவரும் சேர்ந்து அவர்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். லாப் சிறுவயதில் தானே முகாமிலிருந்து தப்பியவர். அந்தப் பதிவுகள்தான் இன்று யேல் பல்கலைக்கழகத்தில் ஃபோர்ட்டுனாஃப் காணொளிக் காப்பகமாக இருக்கின்றன.

நாஜிகளே எடுத்த படங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் போதாதா?

எடுத்தவன் யார், எதற்கு எடுத்தான் என்று கேட்காமல் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தினர் பார்வையிட வந்தபோது தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குப் பெயிண்ட் அடித்து, பூச்செடி வைத்து, கால்பந்து ஆட்டமும் இசைக் கச்சேரியும் நடத்திக் காட்டினார்கள். அந்தக் கோடையிலேயே அதைப் படமாகவும் எடுத்தார்கள். இயக்கியவர் கர்ட் கெரான் என்ற புகழ்பெற்ற யூத நடிகர். அவரே அங்கே கைதி. வேலை முடிந்ததும் அவரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள்.

யூதர்களைச் சுவர் எழுப்பி அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் 1942 மே மாதம் எடுத்த படச்சுருளிலும் இதே கதைதான். பல பத்தாண்டுகளாக அதை உண்மைக் காட்சி என்று நம்பி ஆவணப்படங்களில் போட்டார்கள். வெட்டிப்போட்ட துண்டுகள் 1998இல் கிடைத்தபோதுதான் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப நடிக்கவைத்து எடுத்தது தெரிந்தது.

எதில் தொடங்கலாம்? ‘நைட் அண்ட் ஃபாக்’ என்று எல்லாரும் சொல்கிறார்களே?

அலென் ரெனே 1956இல் வெளியிட்ட, அரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாக ஓடும் பிரெஞ்சுப் படம். முகாமிலிருந்து மீண்ட கவிஞர் ஜான் கேரோல் எழுதிய உரை பின்னணியில் ஓடுகிறது. சாட்சி யாரும் முகம் காட்டிப் பேசுவதில்லை. நல்ல படம்தான், ஆனால் குறை பெரியது: கொல்லப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் யூதர்கள் என்பது அதில் கிட்டத்தட்ட சொல்லப்படவே இல்லை.

அதில் ஒரு சின்ன இடத்தைக் கவனியுங்கள். பித்திவியே என்ற பிரெஞ்சு முகாமின் புகைப்படம் ஒன்று வரும். அதில் காவல் நிற்பவன் தலையில் பிரெஞ்சுப் போலீஸின் தொப்பி. நம் ஆளே காவல் காத்தான் என்று தெரியக்கூடாதென்று தணிக்கைத் துறை அடம்பிடித்தது. தொப்பியின் மேல் ஒரு கட்டையை வரைந்து மறைத்துத்தான் படம் வெளிவந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கட்டை போய், தொப்பி திரும்பி வந்தது.

‘ஷோவா’ ஒன்பதரை மணி நேரமாமே. அவ்வளவு நீளம் எதற்கு?

பிரெஞ்சு இயக்குநர் க்ளோட் லான்ஸ்மன் 1985இல் வெளியிட்ட படம். யூத இன அழிப்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்தான் தலைப்பு. பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறார். பழைய காட்சித் துணுக்கு ஒன்றுகூட இல்லை, பிணக்குவியல் இல்லை. பேசும் முகங்களும் அவர்கள் பேசும் இடங்களின் இன்றைய தோற்றமும் மட்டும்தான்: புல்வெளி, தண்டவாளம், காடு. முதல் அரை மணி நேரம் பொறுமை போகும், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நீளம் உறுத்தாது.

ஏனென்றால் அவர் கேட்கும் கேள்விகள் மிகச் சின்னவை. ‘எப்படி உணர்ந்தீர்கள்’ என்பதைவிட அதிகமாக வேறு எதையோ கேட்பார். கதவு எந்தப் பக்கம் இருந்தது? அறை எவ்வளவு பெரியது? கண்ணாடி இருந்ததா? குளிர் எப்படி? ரயில் வந்து நின்றதிலிருந்து எத்தனை நிமிடம்? இடித்துத் தள்ளிய முகாமை இந்தப் பதில்களை வைத்தே மறுபடி கட்டி எழுப்புகிறார். இதற்கு நேரம் பிடிக்கும்.

ஆஷ்விட்ஸில் பிணங்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட ஃபிலிப் முல்லர் பேசும் பகுதிக்காகவே முழுப் படத்தையும் பார்க்கலாம். 1944 மார்ச்சில் செக் நாட்டு யூதக் குடும்பங்களைக் கொல்லக் கொண்டுவருகிறார்கள். உடை களையும் இடத்தில் அவர்கள் செக் தேசிய கீதத்தையும் யூதர்களின் ‘ஹத்திக்வா’ பாடலையும் பாடுகிறார்கள். தன் நாட்டு மக்கள், இனி வாழ்ந்து என்ன பயன் என்று முல்லரும் அவர்களோடு விஷவாயு அறைக்குள் போய்விடுகிறார். சில பெண்கள் அவரை வெளியே போகச் சொல்கிறார்கள்: நீ செத்து எங்களுக்கு உயிர் வரப்போவதில்லை, வெளியே போய் எங்களுக்கு நடந்ததைச் சொல். அதுவரை எந்திரம்போல் விவரம் சொல்லிக்கொண்டு வந்த மனிதர் இங்கேதான் உடைகிறார்.

அழுபவரை வற்புறுத்திப் பேசவைப்பது நியாயமா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் ஆப்ரகாம் போம்பா காட்சியைப் பார்த்துவிட்டு வருவது. அதனால் அதையே எடுத்துக்கொள்வோம்.

போம்பா முடி திருத்துபவர். ட்ரெப்ளிங்காவில் விஷவாயு அறைக்குள் பெண்களின் கூந்தலை வெட்ட வைத்தார்கள். நியூயார்க்கில் தொழில் செய்து ஓய்வுபெற்றவரை லான்ஸ்மன் இஸ்ரேலில் ஒரு முடிதிருத்தும் கடையில் நிற்கவைத்து, நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து, வெட்டிக்கொண்டே பேசச் சொல்கிறார். கூர்ந்து பார்த்தால் கத்தரி ஓடிக்கொண்டே இருக்கும், முடி அவ்வளவாக விழாது. அத்தனை நேரமும் நிஜமாகவே வெட்டியிருந்தால் உட்கார்ந்தவருக்கு மொட்டைதான். அதாவது இது ஏற்பாடு செய்த காட்சி. லான்ஸ்மன் அதை மறைக்கவும் இல்லை.

தன்னோடு வேலை செய்த இன்னொரு முடிதிருத்துபவரின் மனைவியும் தங்கையும் அந்த அறைக்குள் வந்த நாளைச் சொல்ல வரும்போது போம்பா நின்றுவிடுகிறார். துண்டால் முகத்தைத் துடைக்கிறார், நடக்கிறார், கத்தரியை மறுபடி எடுக்கிறார். முடியாது, விட்டுவிடுங்கள் என்கிறார். லான்ஸ்மன் விடவில்லை, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, நீங்கள் சொல்லியே ஆகவேண்டும் என்கிறார். கேமரா அசையாமல் அவர் முகத்திலேயே நிற்கிறது. கடைசியில் போம்பா சொல்கிறார்.

என் கருத்து: நான் அந்த இடத்தில் இருந்தால் கேமராவை நிறுத்தியிருப்பேன். நிறுத்தியிருந்தால் அந்த இரண்டு பெண்களைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்காது. இந்த இரண்டு வாக்கியங்களையும் என்னால் சமாதானப்படுத்த முடிந்ததில்லை. போம்பா எதற்கு வருகிறோம் என்று தெரிந்து வந்தவர், பேசச் சம்மதித்தவர் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லலாம்.

அதே படத்தில், முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்எஸ்ஸைச் சேர்ந்த ட்ரெப்ளிங்காக்காரன் ஃபிரான்ஸ் சூக்கோமலை லான்ஸ்மன் ஒளித்துவைத்த கேமராவால் எடுத்திருக்கிறார், பெயரை வெளியிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு. அதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

யேல் காப்பகத்துக்கும் ஸ்பீல்பெர்க் தொடங்கிய அறக்கட்டளைக்கும் என்ன வித்தியாசம்?

யேலில் 4,000க்கு மேல் பதிவுகள். பேட்டி எடுப்பவர் பெரும்பாலும் வாயே திறக்க மாட்டார். பேசுபவர் எங்கே போனாலும் பின்னால் போவார், மௌனமானால் காத்திருப்பார். பேசியவரின் முழுப்பெயரைப் போடாமல் முதல் பெயரோடு ஓர் எழுத்து மட்டும் போடுவது அவர்கள் வழக்கம்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994இல் தொடங்கிய ஷோவா அறக்கட்டளை வேறு மாதிரி. இப்போது தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்குள் 50,000க்கும் மேற்பட்ட பேட்டிகள், முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகள். அந்த அளவில் செய்ய ஒழுங்கு தேவை: போருக்கு முந்தைய வாழ்க்கை, போர்க்காலம், பிந்தைய வாழ்க்கை என்ற வரிசை, பேசுபவரின் வீட்டிலேயே படப்பிடிப்பு, முடிவில் குடும்பத்தினர் வந்து உட்காருவார்கள், பழைய புகைப்படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி இது யார், எங்கே என்று சொல்லவைப்பார்கள். டேப் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பேச்சு நடுவில் அறுந்து, அடுத்த டேப்பில் தொடங்கும்போது சிலருடைய குரலே மாறியிருக்கும்.

எது மேல் என்றால், ஒரு மனிதரோடு உட்கார யேல். ஒரு ஊரையோ முகாமையோ தேட ஷோவா அறக்கட்டளை. நிமிடத்துக்கு நிமிடம் குறிச்சொல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நாற்பது வருஷம் கழித்துச் சொல்வதில் பிழை இருக்காதா?

இருக்கும். இதைத் தயங்காமல் ஒப்புக்கொள்வதுதான் சாட்சிகளுக்கும் நல்லது.

யேல் பதிவுகளில் ஒரு பெண்மணி 1944 அக்டோபர் 7ஆம் தேதி ஆஷ்விட்ஸில் நடந்த கலகத்தைச் சொல்கிறார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் சிறுகச் சிறுகக் கடத்திக் கொடுத்த மருந்து, பிணம் எரிக்கும் வேலையில் இருந்தவர்களின் கலகம். நான்கு புகைபோக்கிகள் பற்றி எரிந்தன என்கிறார் அவர். உண்மையில் தீப்பற்றியது ஒரே ஓர் எரியூட்டுக் கூடம். வரலாற்றாசிரியர்கள், எண்ணிக்கை தவறு, இவர் சாட்சியமே செல்லாது என்றார்கள். டோரி லாப் மறுத்தார்: ஆஷ்விட்ஸில் கைதிகள் எதிர்த்து எழுந்தார்கள் என்ற, நடக்கவே முடியாத ஒன்று நடந்ததற்கு அவர் சாட்சி, புகைபோக்கியை எண்ண அவர் வரவில்லை. பின்னால் ஓர் ஆய்வாளர் டேப்பைப் போட்டுப் பார்த்து, லாப் அதை நினைவிலிருந்து எழுதியதிலும் வேறுபாடுகள் இருக்கின்றன என்று காட்டினார்!

நீதிமன்றத்தில் விஷயம் வேறு. ஜான் டெம்யான்யுக் என்பவரை ‘கொடூர இவான்’ என்று அழைக்கப்பட்ட ட்ரெப்ளிங்காக் காவலாளி இவன்தான் என்று மீண்டவர்கள் பலர் அடையாளம் காட்டினார்கள். ஜெருசலேம் நீதிமன்றம் 1988இல் மரண தண்டனை விதித்தது. சோவியத் ஆவணங்கள் வேறொரு இவானைக் காட்டியதால் 1993இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 2011இல் மியூனிக் நீதிமன்றம் அவரைச் சோபிபோர் காவலாளியாக இருந்ததற்காகத் தண்டித்தது. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் ஆவணங்களின் மேல் நின்றது. மேல்முறையீடு முடிவதற்குள் அவர் இறந்துபோனார். ஒரு முகத்தை அடையாளம் காட்டவும் தேதி, எண்ணிக்கை சொல்லவும் ஆவணம் வேண்டும். அந்த அறையில் என்ன வாசனை, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதை எந்த நாஜி ஆவணமும் எழுதிவைக்கவில்லை.

எல்லா வகைக் கைதிகளும் இதில் இருக்கிறார்களா?

இல்லை. ஜிப்ஸிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா, சின்டி மக்களின் பதிவுகள் சில நூறுதான். தன்பால் ஈர்ப்புக்காக அடைக்கப்பட்ட ஆண்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. போருக்குப் பிறகும் அதே சட்டம் ஜெர்மனியில் அமலில் இருந்தபோது யார் கேமரா முன் வருவார்கள்?

பெல்செக்கில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பிறகு அதைப் பற்றிச் சாட்சியம் சொன்ன மீண்டவர்கள் இரண்டே பேர். ருடால்ஃப் ரேடர் ஒருவர். மற்றவர் கெய்ம் ஹிர்ஷ்மன். 1946 மார்ச்சில் போலந்தின் லூப்ளினில் சாட்சியம் சொல்லத் தொடங்கிய அன்றே சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அவர் மனைவி வந்து, கணவர் தன்னிடம் சொன்னவற்றைச் சொன்னார்.

கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ‘ஹோலோகிராம்’ சாட்சிகள் நிஜமா, செயற்கை நுண்ணறிவா?

பதில்கள் நிஜம். பின்காஸ் குட்டர் என்ற பெரியவர்தான் முதல் ஆள். நூற்றுக்கும் மேற்பட்ட கேமராக்களுக்கு நடுவே நாள்கணக்கில் உட்கார்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார். நீங்கள் கேட்பதற்குப் பொருத்தமான பதிவைத் தேடி எடுப்பது மட்டும்தான் கணினியின் வேலை. அவர் சொல்லாததை அது சொல்லாது. மைதானெக் முகாமில் அவருடைய இரட்டைச் சகோதரி சபீனா கொல்லப்பட்டபோது அவருக்குப் பதினொரு வயது அளவில். அவள் முகம் நினைவில் இல்லை, பொன்னிறப் பின்னல் மட்டும் இருக்கிறது என்பார். இதை நீங்கள் எப்படிக் கேட்டாலும் அதேபோல்தான் சொல்வார்.

ஃபேஸ்புக்கில் சுற்றும் கறுப்பு-வெள்ளைப் படங்கள் வேறு ரகம். இல்லாத குழந்தைக்கு முகமும் பெயரும் கதையும் செயற்கையாக உண்டாக்கிப் போடும் பக்கங்களைப் பற்றி ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகம் 2025இல் வெளிப்படையாக எச்சரித்தது. கண்ணீர் வரவழைக்கும் படம் வந்தால் பகிர்வதற்கு முன் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகம் 14 வயதுக்குக் குறைந்தவர்களை அழைத்து வரவேண்டாம் என்று பரிந்துரைக்கிறது. அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். பிணக்காட்சிகளில் தொடங்காதீர்கள்.

எங்கே பார்க்கலாம்? ஒருவருடையதுதான் பார்க்க நேரம் என்றால் யாருடையது?

ஷோவா அறக்கட்டளையின் தளத்தில் பதிவு செய்துகொண்டால் சில ஆயிரம் பேட்டிகளை இலவசமாக முழுதாகப் பார்க்கலாம். ஐக்மன் விசாரணை முழுவதும் யூடியூபில் இருக்கிறது. லான்ஸ்மன் படத்தில் சேர்க்காமல் விட்ட 200 மணி நேரத்துக்கும் அதிகமான காட்சிகள் வாஷிங்டனில் உள்ள இன அழிப்பு நினைவு அருங்காட்சியகத்தின் தளத்தில். மூன்று நிமிடத் துணுக்குகளைத் தவிர்த்துவிடுங்கள். அழும் இடத்தை மட்டும் வெட்டிப் போட்டிருப்பார்கள்.

ஒருவர்தான் என்றால் சைமன் ஸ்ரெப்னிக். போலந்தின் ஹெல்ம்னோவில் காலில் சங்கிலியோடு இருந்த பதின்மூன்று வயதுப் பையன். எஸ்எஸ்காரர்களின் முயல்களுக்குத் தீவனம் எடுக்க நெர் ஆற்றில் படகில் போவான், பாடச் சொல்வார்கள், பாடுவான். 1945 ஜனவரியில் தலையில் சுட்டும் பிழைத்தவன். முதலில் ஐக்மன் விசாரணையில் அவர் சொல்வதைப் பாருங்கள், 1961. பிறகு ‘ஷோவா’. படம் அவரோடுதான் தொடங்குகிறது. அதன் தொடக்க வரிகளில் வரும் பலி எண்ணிக்கையை மட்டும் நம்பவேண்டாம்: அது நான்கு லட்சம் என்கிறது, இன்றைய ஆய்வுகளின்படி ஒன்றரை லட்சத்துக்கு மேல். சில மணி நேரம் கழித்து ஒரு தேவாலயக் காட்சி வரும். ஊர்க்காரர்கள் அவரைச் சூழ்ந்து நின்று, பழைய பையன் வந்துவிட்டான் என்று சந்தோஷப்படுவார்கள். அப்படியே யூதர்களுக்கு ஏன் அந்தக் கதி வந்தது என்று தங்கள் விளக்கத்தையும் சொல்லத் தொடங்குவார்கள். பேசுபவர்களை விட்டுவிட்டு, நடுவில் நிற்கும் ஸ்ரெப்னிக்கின் முகத்தைப் பாருங்கள்.